16 வெற்றிகளின் 2023-ஆ, கிண்ணம் வந்த 2024-ஆ: ஆர்கோஸின் பெரிய சீசன் எது?

நீலப்படகு:

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு வாரமாக ஓடிக்கொண்டிருக்கும் வாக்குவாதம் இது. நீங்கள் எல்லோரும் கனடிய ஃபுட்போலை விடாமல் பார்ப்பவர்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் 2023-ஆம் ஆண்டு நாட்காட்டி ஒன்று இன்னும் தொங்குகிறது. மகளுக்கு அப்போது பத்து வயது. ரொறன்ரோ ஆர்கோனாட்ஸின், நம் ஆர்கோஸின், ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் அந்த நாளின் கட்டத்தில் புள்ளிகளை எழுதுவாள், வென்றிருந்தால் நீலப் பேனாவால் ஒரு வட்டம் போடுவாள். ஜூன், ஜூலை முழுக்க வட்டம்தான். ஜூலை 29 கட்டத்தில் 31-13 என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு கடல் அலை வரைந்திருக்கிறாள், ஏனென்றால் சஸ்காச்சுவானை எதிர்த்த அந்த ஆட்டம் ஹாலிஃபாக்ஸில் நடந்தது. முதல் 6 ஆட்டங்களும் வெற்றி, ஆகஸ்ட் தொடக்கத்தில் கால்கரியில்தான் முதல் தோல்வி. கடைசியில் 18 ஆட்டங்களில் 16 வட்டங்கள். கனடிய லீக் வரலாற்றில் ஒரு சீசனில் அதற்கு மேல் யாரும் வென்றதில்லை, 1989-இல் எட்மன்டன் ஒரு முறை அதே 16-ஐத் தொட்டது, அவ்வளவுதான்.

நவம்பர் 11 கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அன்று லீக்கின் கிழக்குப் பிரிவு இறுதி, வென்றால்தான் கிரே கப் என்ற கிண்ணத்துக்கான ஆட்டம். மொன்றியல் 38, நாம் 17. வீட்டுக்கு வந்ததும் அவள் பேனாவைத் தொடவே இல்லை.

இப்போது சமையலறைக்கு வர்ணம் பூசப்போகிறோம், நாட்காட்டியைக் கழற்ற வேண்டும். அவள், "தூக்கிப் போடுங்கோ அப்பா, அது தோற்ற வருசம். 2024-தான் எங்கட வருசம், கப் வந்தது" என்கிறாள். எனக்கு மனம் வரவில்லை. 2024-இல் 10 வெற்றி 8 தோல்வி, கிழக்கில் இரண்டாம் இடம், அப்புறம் மூன்று ஆட்டங்களை வரிசையாக வென்று கிண்ணத்தைத் தூக்கினோம். நானும் அன்று கத்தித் தொண்டை கட்டியவன்தான். ஆனாலும் நான் பார்த்ததிலேயே சிறந்த ஆர்கோஸ் அணி எது என்று கேட்டால் யோசிக்காமல் 2023 என்பேன். செப்டம்பரிலேயே கிழக்கில் முதலிடத்தை உறுதி செய்துவிட்டார்கள், அதனால் ஒன்றரை மாதம் பெரிதாக எதுவும் பணயத்தில் இல்லாத ஆட்டங்கள், பிறகு முதலிட அணி என்பதால் அரையிறுதி வாரமும் ஓய்வு. அந்த நீண்ட இடைவெளிதான் அணியை மந்தமாக்கியது என்பது என் கருத்து. ஒரே ஒரு மாலை நேரம் கெட்டுப்போனதற்காக ஆறு மாத உழைப்பைத் தோல்வி என்று எழுதிவிட முடியுமா?

2025 சீசனில் 5 வெற்றி 13 தோல்வி, பயிற்சியாளர் ரயன் டின்விடியும் ஒட்டாவாவுக்குப் போய்விட்டார். அதைப் பார்த்த பிறகு 2023-இன் அருமை இன்னும் கூடித் தெரிகிறது எனக்கு. உங்கள் தீர்ப்பு என்ன? காரணத்தோடு சொல்லுங்கள், மகளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

மலையடிவாரம் (மொன்றியல்):

அண்ணா, நான் எதிரணி ஆள், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த "மந்தமாகிவிட்டார்கள்" என்ற பேச்சை ஏற்றுக்கொள்ள மாட்டேன், அது எங்கள் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு அநியாயம். அன்று ரொறன்ரோ 9 முறை பந்தைப் பறிகொடுத்தது. அதில் உங்கள் குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) சாட் கெலியின் இன்டர்செப்ஷன் (வீசியதை எதிரணி பிடித்துக்கொள்வது) மட்டும் நான்கு. அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அதே கெலிக்குத்தான் அடுத்த சில நாட்களில் கிடைத்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட ஒருவரை அந்த நிலைக்குத் தள்ள எதிரில் நிற்பவர்கள் எவ்வளவு தயாராகி வந்திருக்க வேண்டும்! கால் வைக்க இடமில்லாமல் அவரை நெருக்கினார்கள், அவர் அவசரமாக வீசினார், பந்து போகும் இடத்தில் எங்கள் ஆள் ஏற்கனவே நின்றார்.

எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்ல வேண்டும். 2023 தொடங்கும்போது எங்கள் மொன்றியல் அலுவெட்ஸ் அணிக்கு உரிமையாளரே இல்லை, லீக்தான் நடத்திக்கொண்டிருந்தது. மார்ச்சில்தான் பியர் கார்ல் பெலடோ வாங்கினார். குவாட்டர்பேக் கோடி ஃபஹார்டோ, சஸ்காச்சுவானில் முந்தைய ஆண்டு பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவர். நடுவில் 6 வெற்றி 7 தோல்வி என்று கிடந்தோம். உங்களிடம் மட்டும் மூன்று முறை ஆடி மூன்றிலும் தோற்றோம். அப்புறம் கடைசி 5 ஆட்டங்களையும் வென்று, அரையிறுதியில் ஹமில்டனை 27-12 என்று முடித்துத்தான் உங்கள் வாசலுக்கு வந்தோம். நீங்கள் செப்டம்பரில் முடித்துவிட்ட வேலையை நாங்கள் நவம்பர் வரை செய்துகொண்டிருந்தோம். அந்த வகையில் உங்கள் ஓய்வுக் கணக்கில் கொஞ்சம் உண்மை இருக்கலாம், ஆனால் முழுக் காரணம் அது இல்லை.

ஹமில்டனில் நடந்த கிரே கப்பில் வினிபெக்கோடு 24-21 என்று பின்தங்கி, 13 விநாடி மிச்சமிருக்கும்போது ஃபஹார்டோ டைசன் ஃபில்பாட்டுக்கு வீசிய அந்தப் பந்து... 28-24. எங்கள் கட்டடத்தில் மேல் வீட்டுக்காரர் கதவைத் தட்டி ஓடி வந்து கட்டிப்பிடித்தார், அதுவரை அவரோடு வணக்கத்துக்கு மேல் பேசியதே இல்லை. ஆட்டம் முடிந்ததும் எங்கள் தற்காப்பு ஆட்டக்காரர் மார்க் அன்த்வான் டெக்வா தொலைக்காட்சி ஒலிவாங்கியின் முன்னால் நின்று, எங்கே பார்த்தாலும் ஆங்கிலம்தான், எங்கள் மொழியை யாரும் மதிக்கவில்லை என்று பிரெஞ்சில் கொட்டித் தீர்த்தாரே, அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் தமிழர்கள், அந்தக் கோபம் நமக்குப் புரியாதா?

ஆகவே என் தீர்ப்பு: உங்கள் 2023 அணி மிகச் சிறந்த அணிதான், அதை நாங்கள் வென்றதால்தான் எங்கள் கிண்ணத்துக்கு இவ்வளவு கனம். நாட்காட்டியை வைத்திருங்கள். ஆனால் நவம்பர் 11 கட்டத்தை நிரப்பிவிட்டு வையுங்கள்.

நீலப்படகு:

தம்பி, நன்றி. டெக்வா பெயரைச் சொல்லிவிட்டீர்கள், எனக்கு உடனே நவம்பர் 11-இல் அவர் ஓடிய அந்த ஓட்டம் கண்முன் வந்துவிட்டது. நானும் மகளும் நம் சொந்த மைதானமான பிஎம்ஓ ஃபீல்டில் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். நம் ஆட்கள் எங்களை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார்கள், டச்டவுன் வரப்போகிறது என்று எங்கள் வரிசை முழுக்க எழுந்துவிட்டது. கெலி வீசினார். பந்து காற்றில் இருக்கும்போதே வெள்ளைச் சட்டை ஒன்று குறுக்கே வந்தது. அப்புறம் நாங்கள் பார்த்ததெல்லாம் டெக்வாவின் முதுகைத்தான், அது சின்னதாகிக்கொண்டே போனது. 101 யார்ட். மைதானமே 110 யார்ட்தான், அப்படியானால் எங்கள் காலடியில் இருந்த 9-ஆவது யார்ட் கோட்டிலிருந்து மறுமுனை வரை ஓடியிருக்கிறார். நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். மகள் மட்டும் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தாள்.

எட்மன்டன் பழசு:

நான் 1988-இல் எட்மன்டனுக்கு வந்தவன். தம்பி நீலப்படகு 1989-ஐ ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டார், ஆனால் அவர் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்போது நாங்கள் ஐந்து பேர் ஒரே அறையில் இருந்தோம், ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி, இந்த விளையாட்டின் விதி ஒன்றும் தெரியாது. கூடவே வேலை செய்த ஒருவர்தான் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அந்த ஆண்டு எட்மன்டன் 16 வெற்றி 2 தோல்வி. ட்ரேசி ஹாம் குவாட்டர்பேக், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். தெருவில் யாரைக் கேட்டாலும் கிண்ணம் வந்துவிட்ட மாதிரிதான் பேசுவார்கள். மேற்குப் பிரிவு இறுதி எங்கள் சொந்த மைதானத்தில். எதிரே வந்தது 9 வெற்றி 9 தோல்வி வைத்திருந்த சஸ்காச்சுவான். 32-21 என்று தோற்றுப்போனோம். அதே சஸ்காச்சுவான் ரொறன்ரோ ஸ்கைடோமில் ஹமில்டனை 43-40 என்று வென்று, கடைசி விநாடிகளில் டேவ் ரிட்ஜ்வே உதைத்த ஃபீல்ட் கோலோடு கிண்ணத்தைக் கொண்டுபோனது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 16-2 என்று முடித்த அணிகள் இரண்டே இரண்டு. இரண்டுமே சொந்த ஊரில், சொந்தச் சனத்துக்கு முன்னால், பிரிவு இறுதியில் விழுந்தன. இரண்டையும் வீழ்த்திய அணிகள்தான் அந்தந்த ஆண்டு கிண்ணம் வென்றன. இதற்கு விதி என்றெல்லாம் பெயர் வைக்க நான் தயாரில்லை. ஒன்பது அணிகள் மட்டுமே உள்ள லீக் இது, ஒரே அணியை ஒரு சீசனில் மூன்று முறை சந்திக்கிறீர்கள், உங்கள் ஒவ்வொரு தந்திரமும் அவர்கள் வீடியோவில் இருக்கிறது. மூன்று முறை தோற்றவன் நான்காவது முறை வரும்போது உங்களைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்துகொண்டு வருவான்.

அதற்காக 1989 அணியை இங்கே யாரும் மறக்கவில்லை. என் மூத்த மகனுக்கு அந்த அணியின் ஆட்டங்களைச் சொல்லித்தான் இந்த விளையாட்டைப் பழக்கினேன், தோற்ற ஆட்டத்தையும் சேர்த்துத்தான் சொன்னேன். கிண்ணம் வென்ற பல ஆண்டுகளின் ஆட்டக்காரர் பட்டியல் எனக்கு மறந்துவிட்டது, 1989 மட்டும் இன்னும் நினைவில் நிற்கிறது.

இரட்டைநீலம்:

நான் மகளின் பக்கம். அந்தப் பிள்ளை சரியாகத்தான் சொல்கிறது.

2024-ஐ "10-8, அப்புறம் மூன்று வெற்றி" என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்களே அண்ணா, அந்த அணி எதையெல்லாம் தாண்டி வந்தது என்று எழுதாமல் விட்டது நியாயமா? சீசன் தொடங்கும் முன்பே, மே மாதம், பெண்களுக்கு எதிரான வன்முறை தொடர்பான லீக் கொள்கையை மீறியதற்காகக் கெலிக்குக் குறைந்தது 9 ஆட்டங்கள் தடை. தடை சரியானது, அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை, அவர் திரும்பி வந்த பிறகும் அவருக்காகக் கைதட்ட என்னால் முடியவில்லை. பெண் பிள்ளையோடு ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் 2023-இன் புகழைப் பாடும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். சரி, அதை அதோடு விடுகிறேன்.

முதல் பாதி சீசன் முழுக்க மாற்று ஆட்களை வைத்தே ஓட்டினார்கள். ஒரு வாரம் நல்ல ஆட்டம், அடுத்த வாரம் பார்க்க முடியாத ஆட்டம். அரையிறுதியில் ஒட்டாவாவை 58-38 என்று அடித்தார்கள். அடுத்தது மொன்றியலில், நடப்பு சாம்பியனோடு, மலைச்சரிவில் இருக்கும் அந்த மோல்சன் மைதானத்தில். மூன்றாவது கால் பகுதியில் கெலியின் கால் முறிந்தது. வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். நிக் ஆர்பக்கிள் உள்ளே வந்தார். இந்த மனிதர் 2021-இல் ரொறன்ரோவில் இருந்து எட்மன்டனுக்கு அனுப்பப்பட்டு, ஒட்டாவா போய், 2024-இல்தான் திரும்பி வந்தார், யாரும் பெரிதாக எதிர்பார்க்காத ஆள். 30-28 என்று பிடித்துக்கொண்டார்கள். எட்டு நாள் கழித்து வன்கூவரில் வினிபெக்கை 41-24. கிரே கப்பின் சிறந்த ஆட்டக்காரர் யார்? ஆர்பக்கிள்.

அடிபட்டாலும், ஆள் மாறினாலும், யாரும் நம்பாவிட்டாலும் எழுந்து நிற்பதைத்தான் நான் நல்ல அணி என்பேன். 2023 அணிக்கு அந்தச் சோதனை ஒரே ஒரு நாள்தான் வந்தது, அன்று அவர்களால் மீள முடியவில்லை. 14 புள்ளி பின்தங்கினால் என்ன செய்வது என்று அவர்களுக்குப் பழக்கமே இல்லை, ஏனென்றால் சீசனின் பெரும்பகுதி முன்னால்தான் இருந்தார்கள். 2024 அணிக்குப் பின்தங்குவது வாராவாரம் நடந்த விஷயம்.

நாட்காட்டியை எடுத்துவிடுங்கள். சுவரில் 2024 கிண்ணத்தின் படத்தைப் பெரிதாக மாட்டுங்கள்.

புதுஆள்77:

போன வருடம்தான் கனடா வந்தேன், இந்த விளையாட்டை இப்போதுதான் பழகுகிறேன், குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். பந்தைப் பறிகொடுப்பதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறீர்கள்? 9 முறை என்பது அவ்வளவு மோசமா? அமெரிக்க ஆட்டத்திலும் நடக்கிறதே.

மலையடிவாரம்:

தம்பி, தாராளமாகக் கேளுங்கள். அமெரிக்க ஆட்டத்தில் 10 யார்ட் முன்னேற நான்கு வாய்ப்பு, இங்கே மூன்றுதான். முதல் வாய்ப்பில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் இரண்டாவதில் 10 யார்டையும் எடுத்தே ஆக வேண்டும், மூன்றாவதில் பெரும்பாலும் பந்தை உதைத்துக் கொடுத்துவிடுவார்கள். அதனால் இங்கே குவாட்டர்பேக் நிறைய வீச வேண்டியிருக்கிறது, எதிரணியும் அவர் வீசுவார் என்று தெரிந்தே காத்திருக்கும். மைதானமும் அகலம், பக்கத்துக்கு 12 பேர். ஒரு அணிக்கு ஓர் ஆட்டத்தில் இரண்டு மூன்று முறை பந்து பறிபோனாலே வெல்வது கஷ்டம். 9 என்றால், பந்து கையில் கிடைத்த தடவைகளில் பெரும் பகுதி வீணாகிவிட்டது என்று அர்த்தம். தோல்வி 21 புள்ளியோடு நின்றதே பெரிய விஷயம்.

இன்னொன்று, இந்த 110 யார்ட் மைதானத்தை இப்போதே நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 2027 முதல் 100 யார்டாகக் குறைக்கப்போவதாக லீக் அறிவித்திருக்கிறது, கோல் கம்பங்களும் பின்கோட்டுக்குப் போகின்றன. அப்புறம் 9-ஆவது யார்டில் பந்தைப் பிடித்து 101 யார்ட் ஓட யாராலும் முடியாது. எனக்கு இந்த மாற்றம் கொஞ்சமும் பிடிக்கவில்லை, ஆனால் அதைத் தனி இழையில் பேசுவோம்.

எட்மன்டன் பழசு:

இரட்டைநீலம் எழுதியதில் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது, பின்தங்கிப் பழக்கமில்லை என்பது. 1989-இலும் அப்படித்தான் இருந்தது, அந்த மாலை எங்கள் ஆட்களின் முகத்தில் இருந்தது பயம் இல்லை, என்ன செய்வதென்று தெரியாத ஒரு திகைப்பு. ஆனாலும் ஒரு சீசனின் பெரும்பகுதி பின்தங்காமல் இருப்பதும் திறமைதானே தங்கச்சி? அதை ஒரு குறையாகச் சொல்லலாமா?

2023 அணியில் கெலி மட்டும் ஆடவில்லை என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். க்வான்டெஸ் ஸ்டிகர்ஸ் என்று ஒரு பையன், கல்லூரியில் ஃபுட்போல் ஆடியதே இல்லை. ஆர்கோஸுக்கு வந்து 5 இன்டர்செப்ஷன் எடுத்து அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். 2024-இல் அமெரிக்க லீக்கின் நியூயோர்க் ஜெட்ஸ் அவரை ஐந்தாவது சுற்றில் தேர்ந்தெடுத்தது. டெஜான் ஆலன் சிறந்த லைன்மேன் (குவாட்டர்பேக்குக்கு அரணாக நிற்பவர்), டின்விடி சிறந்த பயிற்சியாளர். அந்த ஆண்டின் பெரிய விருதுகளில் பல ஆர்கோஸுக்கு வந்தன, கிண்ணம்தான் வரவில்லை.

இரட்டைநீலம்:

குறையாகச் சொல்லவில்லை அண்ணை. 2022-இல் கிண்ணம், 2023-இல் 16 வெற்றி, 2024-இல் மறுபடி கிண்ணம், மூன்றும் அதே பயிற்சியாளரின் கீழ், மூன்றும் நம் கண்முன்னால். 2022 இறுதியிலும் ரெஜைனாவில் 24-23, ஒரு புள்ளிதான், கடைசி நேரத்தில் ரொபி ஸ்மித் வினிபெக்கின் உதையைத் தடுத்திருக்காவிட்டால் அதுவும் போயிருக்கும். அன்று ஒரு கை நமக்குச் சாதகமாக நீண்டது, அடுத்த ஆண்டு டெக்வாவின் கை எதிராக நீண்டது. ஆனாலும் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் என் கை 2024-க்குத்தான் போகும், அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

நீலப்படகு:

எல்லாவற்றையும் நேற்று இரவு மகளுக்கு வாசித்துக் காட்டினேன். இரட்டைநீலம் அக்கா எழுதியதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். கெலி பற்றிய பகுதி வந்தபோது, "எனக்குத் தெரியும் அப்பா, அதுதான் நான் அவற்ற சட்டையைப் போடுறதில்லை" என்றாள். இத்தனை நாள் சட்டை சின்னதாகிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஸ்டிகர்ஸ் கதை அவளுக்குத் தெரியாது. அதைக் கேட்டதும் நாட்காட்டியை எடுத்து வந்து, அவர் பந்தைப் பிடித்த ஆட்டங்கள் எவை என்று தேட ஆரம்பித்தாள். தேடி முடிக்கும்போது பதினொரு மணி. எதையும் தூக்கிப் போடவில்லை, வர்ணம் காய்ந்ததும் அவள் அறைக் கதவின் உட்பக்கத்தில் மாட்டப் போகிறாள். மொன்றியல் தம்பி சொன்னபடி நவம்பர் 11 கட்டத்தில் 17-38 என்று எழுதிவிட்டாள், வட்டம் இல்லாமல்.

வருகிற சனிக்கிழமை அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்ப்பது என்று பேசியிருக்கிறோம், இரண்டு பேருமே அதை மறுபடி பார்த்ததில்லை. அதற்கு அடுத்த நாள் மோல்சன் மைதானத்து 30-28. டெக்வா பந்தைப் பிடிக்கும் இடம் வரும்போது நான் எழுந்து தேநீர் போடப் போகக் கூடாது என்று இப்போதே சத்தியம் வாங்கிவிட்டாள்.